இடாப்பில் ஒரு பெயர்

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய நவம்பரில் ஓர் இரவு, பதினொன்றரை மணி இருக்கும், வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. மருத்துவமனைகளில் முன்பதிவு செய்வதற்கான ஒரு மென்பொருளுக்கு நான் அப்போது ஆலோசகராக இருந்தேன். மேற்கு ஜெர்மனியில் சில மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்தி வந்தன. ஒரு வாரமாகச் சிலருடைய முன்பதிவு மட்டும் நிறைவேறாமல் திரும்பிவிடுகிறது, ஏனென்று தெரியவில்லை, லாக்கைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்றார்கள்.

இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு லாக் என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். இத்தனை மணிக்கு ஒரு கோரிக்கை வந்தது, டேட்டாபேஸைக் கேட்டேன், பதில் வர இவ்வளவு நேரம் ஆனது, இந்த இடத்தில் தவறியது. முற்காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க, முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு மரக்கட்டையைக் கட்டிக் கடலில் வீசினார்கள். அளவை ஓர் ஏட்டில் குறித்தார்கள். கட்டையின் பெயர் ஏட்டுக்கு வந்தது. ஏட்டின் பெயர் எங்களிடம் வந்து சேர்ந்தது. ஒரு சாதாரண நிறுவனத்தில்கூட நாளொன்றுக்குக் கோடிக்கணக்கான வரிகள் சேரும். ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் ஒருவர் வந்து அதில் தேடுவார். அன்று அந்த ஒருவர் நான்.

பிழை வரிகள் ஒரு வாரத்தில் 41 இருந்தன. முதலாவதைத் திறந்தேன். பிழைச் செய்திக்குப் பின்னால் படிவம் முழுவதும் அப்படியே கொட்டிக் கிடந்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி, காப்பீட்டு எண், எந்தப் பிரிவு, எதற்காக வருகிறேன் என்று நோயாளி தானே எழுதிய இரண்டு வாக்கியங்கள். இதை எழுதிய புரோகிராமர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருந்தார். எந்தத் தகவலால் பிழை வந்தது என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்? பிழை வந்தால் கையில் இருப்பதையெல்லாம் அச்சிடு என்று ஒரே ஒரு வரி. நானும் அப்படி எழுதியவன்தான், பலமுறை.

நான்காவதாகத் திறந்ததில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது. எனக்குத் தெரிந்த பெயர். என் மகள் படிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்குப் பாடம் எடுக்கும் அக்கா. முகவரியைப் பார்த்தபோது சந்தேகமே இல்லை. கண்ணை எடுப்பதற்குள் அந்த இரண்டு வாக்கியங்களையும் வாசித்துவிட்டேன். தாய்மொழி தெரிந்தவன் எழுத்தைப் பார்த்தால் வாசிக்காமல் இருக்க முடியாது என்பார்கள். அவை ஜெர்மன் வாக்கியங்கள், ஆனாலும் அப்படித்தான் ஆயிற்று. எந்தப் பிரிவு, என்ன எழுதியிருந்தார் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. அக்கா என்பதும் சின்ன வகுப்பு என்பதும்கூட மாற்றப்பட்டவையாக இருக்கலாம். இந்த இதழை வாசிப்பவர்கள் நாலு பேராக இருந்தாலும் நாலு பேரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

பிழைக்கான காரணம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. முன்பதிவுப் படிவம் எவ்வளவு நீளப் பெயரையும் வாங்கிக்கொள்ளும். பின்னால் இருந்த பழைய மென்பொருள், நோயாளியின் கோப்பில் ஒட்டும் சீட்டை அச்சிடுவது, முதற்பெயரும் குடும்பப்பெயரும் சேர்த்து 30 எழுத்துக்கு மேல் ஏற்காது. அக்காவின் பெயரும் அவருடைய தந்தையின் பெயரும் சேர்ந்து லத்தீன் எழுத்தில் 34. நான்கு எழுத்து அதிகம். அதனால் முன்பதிவு தவறியது. தவறியதால் படிவம் முழுவதும் லாக்கில் விழுந்தது.

காரணம் கிடைத்துவிட்டது என்று அன்றிரவே படுக்கப் போயிருக்கலாம். ஆனால் மீதிப் பெயர்களையும் பார்த்தேன், பெயர்களை மட்டும். தமிழ்ப் பெயர்கள் ஆறு. போர்த்துகீசியக் கூட்டுப் பெயர்கள், கானாவிலிருந்து வந்தவர்களின் பெயர்கள், நீளமான அரபுப் பெயர்கள், ஒரு தாய்லாந்துப் பெயர். ஜெர்மானியர் ஒரே ஒருவர். இரட்டைக் குடும்பப் பெயருக்கு நடுவில் 'ஃபொன்' வைத்திருந்த பிரபுக் குடும்பத்துக்காரர். மியுல்லர்களும் ஷ்மிட்களும் அந்த வாரம் ஆயிரக்கணக்கில் முன்பதிவு செய்திருப்பார்கள். அவர்களைப் பற்றி லாக்கில் இருந்தது ஒரு நேரமும் 'சரி' என்ற சொல்லும் மட்டுமே.

இருபது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இது எனக்கு அதுவரை உறைத்ததில்லை. பிழை லாக் என்பது எல்லோரிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒரு கைப்பிடி இல்லை. கட்டத்துக்குள் அடங்குகிறவர்கள் சத்தமில்லாமல் கடந்துபோகிறார்கள். அடங்காதவர்கள் மட்டும் முழுதாக எழுதி வைக்கப்படுகிறார்கள். நீளமான பெயர்க்காரர்கள், குடும்பப்பெயரே இல்லாதவர்கள், பிறந்த தேதி தெரியாமல் வந்து ஜனவரி 1 என்று எழுதப்பட்ட அகதிகள், ஒரு வீட்டில் எட்டுப் பேராக இருப்பதால் முகவரிச் சோதனையில் சிக்குகிறவர்கள். என் பாஸ்போர்ட்டிலும் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாகத்தான் இருந்தது; மேற்படிப்புக்கு வந்த புதிதில் எத்தனை கணினிகள் என்னைப் பார்த்து விக்கியிருக்கும், எத்தனை லாக்குகளில் முழுதாக விழுந்திருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். யாரும் திட்டமிடாமலே அந்த 41 வரிகளும் ஒரு பட்டியலாகியிருந்தன. அந்நியர்களின் பட்டியல், அவர்களின் நோய்களோடு.

மறுநாள் அந்த மென்பொருளின் இளம் புரோகிராமரோடு பேசினேன். கெட்டிக்காரப் பையன், மனம் நோகாமல் கேட்டான்: "லாக்கை யார் பார்க்கப் போகிறார்கள்? நாங்கள் நாலு பேர்தானே?" நாலு பேர் என்பது உண்மையா என்று இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். சர்வரில் எழுதப்படும் வரியை ஒரு சின்ன நிரல் உடனுக்குடன் எடுத்து மையத் தேடல் அமைப்புக்கு அனுப்புகிறது. அங்கே 90 நாட்கள் இருக்கிறது. தினமும் இரவில் அதன் பிரதி எடுக்கப்பட்டு ஓராண்டு வைக்கப்படுகிறது. பிழை வந்தால் தானாகவே புகார்ச் சீட்டு ஒன்று திறந்து அதில் வரியை ஒட்டுகிறது. அந்தச் சீட்டு இரவுப் பணிக்கு வேறொரு நாட்டில் இருக்கும் குழுவுக்கு மின்னஞ்சலாகப் போகிறது. அவர்களில் ஒருவர் அதை அரட்டைக் குழுவில் ஒட்டி "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகே என்னை அழைத்திருக்கிறார்கள். ஆறு இடங்கள், அனுமதி உள்ளவர்கள் நூற்றுக்கு மேல். டேட்டாபேஸில் அதே தகவலைப் பார்க்க வேண்டுமானால் மருத்துவமனை ஊழியர் தனி அட்டையைச் செருக வேண்டும், பார்த்ததற்கு ஒரு குறிப்பு விழும். பெட்டகத்துக்கு மூன்று பூட்டு. பெட்டகத்தில் இருப்பதை எழுதிய சீட்டு திண்ணையில்.

பெரிய நிறுவனங்களில் இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளச் சொன்னது. கடவுச்சொல்லைச் சிதைத்து ஒளித்து வைக்கும் வேலை முடிவதற்கு முன்பே அதை உள்ளபடியே ஓர் உள் லாக்கில் எழுதிக்கொண்டிருந்தது அவர்களின் மென்பொருள். மறு ஆண்டு மார்ச்சில், பல கோடிப் பயனர்களின் கடவுச்சொற்கள் தன் உள் அமைப்புகளில் வாசிக்கக்கூடிய வடிவிலேயே கிடந்ததை ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. அதற்காக 2024இல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. அவற்றை யாரும் திருடியதாகத் தெரியவில்லை என்று இரண்டு நிறுவனங்களும் கூறின. நம்புகிறேன். என்னைச் சங்கடப்படுத்துவது திருட்டு இல்லை. எங்கள் விஷயத்திலும் யாரும் திருடவில்லை. ஒரு பெண்மணி மருத்துவரிடம் சொல்ல எழுதியதை, அவர் மகனைப் போல் பழகும் ஒருவன் இரவு பன்னிரண்டு மணிக்குத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து வாசித்தான், அவ்வளவுதான்.

எங்கள் ஊர், மன்னார்குடிப் பக்கம், தபால்காரரை நினைத்துக்கொண்டேன். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டிக்கு, சிங்கப்பூரிலிருந்து மாமா எழுதும் கடிதங்களை அவர்தான் வாசித்துக் காட்டுவார். தெருவில் பாதி வீடுகளுக்கு அப்படித்தான். யார் வீட்டில் கடன், யார் வீட்டுப் பெண்ணுக்கு மாமியார் கொடுமை, எல்லாம் அவருக்குத் தெரியும். நல்ல சேதி என்றால் வாசலிலேயே நின்று சத்தமாக வாசிப்பார். சேதி சரியில்லை என்று இன்லண்டைப் பிரித்ததுமே தெரிந்தால், "கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்று கொல்லைப்புறத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை பாட்டி, எதிர்வீட்டுக்கு வந்த கடிதத்தில் என்ன என்று கேட்டாள். "அங்க வெயில் ஜாஸ்தியா இருக்காம் ஆச்சி" என்றார். மறுமுறை கேட்டபோதும் அதே வெயில்தான்.

அவரும் பார்த்தவர்தான். ஆனால் அவர் பார்த்தது எல்லோருக்கும் தெரியும். பாட்டி அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசிக்கச் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்தே அவரை நம்புவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய அவளால் முடிந்தது. லாக் எழுதுகிறவனுக்கும் அதில் எழுதப்படுகிறவருக்கும் இடையில் அப்படி ஒரு திண்ணை கிடையாது. தன்னைப் பற்றி ஒரு வரி எழுதப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. தபால்காரருக்கு வயதானது, மறந்துபோனார், ஒருநாள் செத்தும் போனார். அவரோடு ஒரு தெருவின் இரகசியங்கள் போய்ச் சேர்ந்தன.

சரி, பெயரை அழித்துவிட்டு மீதியை எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். நாங்களும் அதைத்தான் முதலில் செய்தோம். லாக்கில் விழும் வரிகளிலிருந்து பெயர்களைக் கண்டுபிடித்துக் கறுப்பு மையிடும் ஒரு கருவியை வாங்கிப் பொருத்தினார்கள். மியுல்லரை அது ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. தமிழ்ப் பெயர்களில் பாதியை அதற்குப் பெயரென்றே தெரியவில்லை. ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்ததோ என்னவோ. மறுபடியும் அதே ஆட்கள்தான் வெளியே நின்றார்கள்.

பெயரைச் சிதைத்து ஒரு குறியீடாக மாற்றும் ஹாஷ் முறை இன்னொரு யோசனை. பிறந்த தேதியை ஹாஷ் செய்து எழுதினால் யாராலும் திரும்பப் படிக்க முடியாது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நூறு ஆண்டுகளில் மொத்தமே சுமார் 36,500 நாட்கள். அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட என் மடிக்கணினிக்கு ஒரு விநாடி ஆகாது. பத்து இலக்கத் தொலைபேசி எண்ணும் இதே கதை, கொஞ்சம் கூடுதல் நேரம். பெயரே இல்லாவிட்டாலும் ஆளைப் பிடிக்கலாம். மத்திய அரசின் இணையதளங்கள் வருகிறவர்களின் ஐபி முகவரியைச் சேமிக்கக் கூடாது என்று பாட்ரிக் பிரையர் என்ற அரசியல்வாதி தொடுத்த வழக்கில், அடிக்கடி மாறும் ஐபி முகவரியும் தனிநபர்த் தகவலாகலாம் என்று 2016 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நாற்பதாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் 1960களில் பிறந்த, யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு பெண் என்று எழுதினால் அங்கே எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? ஷ்மிட் என்பவர் தன் பெயருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

கடைசியில் செய்தது எளிமையான ஒன்று, கறுப்பு மையெல்லாம் இல்லாதது. எதை எழுதலாம் என்று ஒரு சிறு பட்டியல் போட்டோம்: நேரம், செயலின் பெயர், எந்தக் கட்டத்தில் தவறியது, அந்தக் கட்டத்தில் இருந்ததன் நீளம். பட்டியலில் இல்லாதது எழுதப்படாது. 'பெயர்க் கட்டம், 34 எழுத்து, எல்லை 30' என்று ஒரு வரி இருந்திருந்தால் அன்றிரவு எனக்கு அதுவே போதும். அக்காவின் பெயரே தேவைப்பட்டிருக்காது. அந்த வரியை முன்பே எழுதாததற்குக் காரணம் சோம்பல். என்ன தேவைப்படும் என்று யோசிப்பதைவிட எல்லாவற்றையும் கொட்டிவைப்பது சுலபம்.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் ஓர் ஐயா இருக்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டியவர், 1984இல் இங்கே வந்தவர். அதற்கு முன் கொழும்பில், வெள்ளவத்தையில் குடியிருந்து ஒரு வங்கியில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவரோடு தேநீர் குடிப்பது வழக்கம். என் வேலையைப் பற்றிக் கேட்பார். யாரென்று சொல்லாமல், எந்த மருத்துவமனை என்று சொல்லாமல், லாக் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு 83 ஜூலையைப் பற்றிச் சொன்னார். ஆறேழு ஆண்டுப் பழக்கத்தில் அதை அவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அவங்கள் வீடு வீடாத் தட்டித் தேடேல்லைத் தம்பி. எங்கட ஒழுங்கையில முதல் ரெண்டு வீடும் சிங்கள ஆக்கள். அதுகளை விட்டிட்டு நேரா எங்கட வீட்டுக்குத்தான் வந்தவங்கள். ஒருத்தன்ர கையில வாக்காளர் இடாப்பு. என்ர பேரை வாசிச்சுக் கூப்பிட்டவன்."

இரண்டாவது வீட்டு அம்மா பின்பக்கமாக வந்து இவர்களை அழைத்துப்போய்த் தன் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். வீடு எரிந்தது. உயிர் தப்பியது. கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளோடு வந்ததை அந்த நாட்களின் செய்திகளிலும் பின்னால் எழுதப்பட்ட வரலாறுகளிலும் படித்திருக்கிறேன். தமிழ்நாட்டில் வளர்ந்த எனக்கு அது படித்த செய்தி. பெயர் வாசிக்கப்பட்ட மனிதரின் எதிரில் உட்கார்ந்து கேட்டது அன்றுதான்.

"82இல ரெண்டு தரம், ஜனாதிபதித் தேர்தலுக்கும் பிறகு அந்த சர்வசன வாக்கெடுப்புக்கும், அதே இடாப்பைக் கொண்டுதான் வோட்டுப் போட்டனான். பேர் விடுபட்டுப் போகக் கூடாதெண்டு நானே கச்சேரிக்குப் போய்ப் பார்த்துச் சரிபிடிச்ச பேர் அது" என்றார்.

இடாப்பை எழுதிய எழுதுவினைஞருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. நெதர்லாந்தின் மக்கள் பதிவேட்டை 1930களில் அவ்வளவு நேர்த்தியாக ஒழுங்குபடுத்திய அலுவலர்களும் நல்ல நிர்வாகத்துக்காகவே செய்தார்கள். மதம் என்ற கட்டமும் அதில் இருந்தது. ஜெர்மானியப் படைகள் வந்தபோது பதிவேடு தயாராக இருந்தது. 1943 மார்ச்சில், கலைஞர்களும் மாணவர்களுமாக ஒரு குழு போலீஸ் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவகத்துக்குள் புகுந்து குண்டு வைத்தது. அட்டைகளில் ஒரு பகுதிதான் அழிந்தது. குழுவில் பலர் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அத்தோடும் முடியவில்லை, ஏனென்றால் ஹேக் நகரில் பிரதி இருந்தது. அதை அழிக்க 1944 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமானங்கள் அந்தக் கட்டடத்தின் மேல் குண்டு போட்டன. உள்ளே வேலைபார்த்துக்கொண்டிருந்த அலுவலர்கள் பலர் இறந்தார்கள். ஓராண்டுக்குப் பிரதி வைத்திருக்கிறோம் என்று கூட்டங்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போது இப்போதெல்லாம் எனக்கு ஹேக் நினைவுக்கு வருகிறது.

ஜெர்மனி இதை ஓரளவு பாடமாக எடுத்துக்கொண்டது. உலகின் முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 1970இல் ஹெஸ்ஸன் மாநிலத்தில் வந்தது. ஐயாவின் வீடு எரிந்த அதே 1983இல், டிசம்பர் 15 அன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் கார்ல்ஸ்ரூவே அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தன்னைப் பற்றிய தகவல் எங்கே எப்படிப் பயன்படலாம் என்பதை அவரவரே முடிவுசெய்ய உரிமை உண்டு என்றது. கணினிகள் வந்தபின் அற்பமான தகவல் என்று ஒன்று கிடையாது என்றும் சொன்னது. ஒன்றோடு ஒன்று சேர்த்தால் எதுவும் எதுவாகவும் ஆகலாம். 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியச் சட்டத்தில் இருப்பதும் அந்தச் சிந்தனைதான்: ஒன்றுக்காகச் சேர்த்ததை இன்னொன்றுக்குப் பயன்படுத்தாதே, தேவைக்கு மேல் சேர்க்காதே, தேவை முடிந்தால் வைத்திருக்காதே.

ஒரு மருத்துவமனை லாக்கையும் 83ஐயும் ஒரே மூச்சில் சொல்வது மிகை என்று இதன் முதல் வரைவைப் படித்த என் மனைவி சொன்னாள். மிகைதான். அந்த 41 வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டப் போவதில்லை, இன்றைக்கு. ஆனால் 82இல் கச்சேரிக்குப் போனபோது ஐயாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். எழுதும்போது இருக்கும் அரசாங்கமும் வாசிக்கும்போது இருக்கும் அரசாங்கமும் ஒன்றாகவே இருக்கும் என்று நான் யாருக்காக உத்தரவாதம் கொடுக்க முடியும்? என்னைப் பற்றிய தகவலை நான் அலட்சியமாக வைத்துக்கொண்டால் அது என் துணிச்சல். மற்றவருடையதை அப்படி வைத்தால் அதற்குத் துணிச்சல் என்று பெயரில்லை.

இதையே வேறு சொற்களில் ஐயாவிடம் சொன்னேன். கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன் போலிருக்கிறது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அப்ப இடாப்பே இல்லாட்டி நல்லதெண்டு சொல்லுறீரோ? பேரில்லாட்டி வோட்டு இல்லை, கூப்பன் இல்லை. இப்ப வன்னியில தாய்மார் தெருவில இருந்து என்ன கேக்கினம் தம்பி? இடாப்பைத் தா எண்டுதானே?"

உண்மை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பந்தலில் உட்கார்ந்த தாய்மார்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று, 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியல். பிள்ளையைத் தன் கையாலேயே ஒப்படைத்த தாய்மார்கள் அவர்களில் உண்டு. ஒரு பேருந்தில் ஏற்றும்போது யாரோ ஒருவன் ஒரு தாளில் ஒரு பெயரை எழுதியிருந்தால், அந்தத் தாளை அழிக்காமல் வைத்திருந்தால், அதை அந்தத் தாயிடம் காட்டியிருந்தால் போதும். அங்கே பெயர் எழுதப்படாததும், எழுதியதை ஒளித்ததும்தான் கொடுமை. தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்ற என் விதியை அந்தப் பந்தலில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.

இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. வீட்டுக்கு வந்தபின் தோன்றியது இவ்வளவுதான். 83இன் இடாப்பு, அதில் இருந்தவரைத் தவிர மற்றவர்கள் கைக்கெல்லாம் போயிற்று. 2009இன் பட்டியலும், அது எங்கே இருந்தாலும், கேட்கும் உரிமை உள்ளவர்களைத் தவிர வேறு யாருடைய கையிலோ இருக்கிறது. ஒன்று வெளியே வந்தது, மற்றது வெளியே வராமல் இருக்கிறது. இரண்டிலும் எழுதப்பட்டவருக்கு எந்தப் பிடியும் இல்லை. எங்கள் லாக்கிலும் அக்காவுக்கு எந்தப் பிடியும் இல்லை. தன் மருத்துவக் கோப்பைக் காட்டு என்று அவர் சட்டப்படி கேட்கலாம், காட்டுவார்கள். லாக்கில் என்னைப் பற்றி ஏதாவது விழுந்திருக்கிறதா என்று கேட்க அவருக்கு எப்படித் தோன்றும்?

அவரிடம் சொல்லியிருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு அப்படித்தான் வந்தேன். நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மறுநாள் காலையே எழுத்தில் தெரிவித்திருந்தேன். அவர் நேர்மையானவர், எல்லாவற்றையும் விசாரித்தார். தகவல் நிறுவனத்துக்கும் அதன் ஒப்பந்தக்காரர்களுக்கும் வெளியே போகவில்லை, ஆபத்து பெரியதில்லை, ஆகவே நோயாளிகளுக்குத் தெரிவிக்கும் கடமை எழவில்லை என்று முடிவெழுதினார். சட்டப்படி அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் 'வெளியே' என்ற சொல்லுக்கு அந்தக் கோப்பில் ஒரு பொருள், தமிழ்ப் பள்ளி வராந்தாவில் வேறு பொருள். ஒப்பந்தக்காரன் என்ற முறையில் நான் உள்ளே இருப்பவன். அக்காவின் வாழ்க்கையில் நான்தான் வெளியே.

யாரென்று சொல்லாமல் மனைவியிடம் கேட்டேன். "சொன்னா உங்களுக்கு மனசு லேசாகும். அவங்களுக்கு?" என்றாள். அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை என்பதுபோல் எழுந்து போய்விட்டாள். எனக்கு இருந்தது. ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதும், தெரிந்ததை அவரிடமே மறைப்பதும் இரண்டு தனித்தனித் தவறுகளா, இல்லை இரண்டாவது முதலாவதுக்குச் செய்யும் பரிகாரமா? தபால்காரராக இருந்தால் வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஆனால் எதிர்வீட்டுக்காரிக்கு அவர் படித்தது தெரியும்.

இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை அக்கா வழக்கம்போல, "தம்பி, சுகமா இருக்கிறியளோ? முகம் வாடிக் கிடக்கு" என்று கேட்டார். தூக்கமில்லை என்றேன். நானும் அவரிடம் சுகமா என்று கேட்டிருக்க வேண்டும், அது மரியாதை. முன்பெல்லாம் யோசிக்காமல் கேட்பேன். அன்று அந்தச் சொல் வரவில்லை. தெரிந்துகொண்டே கேட்டால் பொய். கேட்காமல் விட்டால் ஏன் கேட்கவில்லை என்று தோன்றும். மகளின் வீட்டுப்பாடத்தைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வந்தேன்.

பிறகு சுத்தம் செய்யும் வேலை. தேடல் அமைப்பிலிருந்து அந்த வரிகளை நீக்கினோம், பழைய பிரதிகளையும் அழித்தோம். புகார்ச் சீட்டுகளைத் திறந்து ஒட்டியவற்றை வெட்டினோம். அரட்டைக் குழுவில் ஒட்டிய நண்பர் விடுமுறையில் இருந்தார், திரும்பும்வரை காத்திருந்தோம். பெயருக்கான எல்லையைப் பழைய மென்பொருளில் 100 எழுத்தாக மாற்ற மூன்று வாரமும் நான்கு கூட்டங்களும் ஆயின. கடைசியாக, எல்லாம் போய்விட்டதா என்று சரிபார்க்க வேண்டும். சரிபார்க்க ஒரே வழிதான் உண்டு. தேடல் பெட்டியில் 41 பெயர்களையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் வந்தது. அக்காவின் பெயருக்கும்.

அந்த அமைப்பில், யார் எப்போது எதைத் தேடினார்கள் என்பதும் ஒரு தனி லாக்கில் விழும் என்பது மாலையில்தான் நினைவுக்கு வந்தது. உள்ளே இருப்பவர்கள் கண்டதையும் தேடாமல் இருக்க வைத்த காவல் அது, நல்ல ஏற்பாடு, யாரும் கைவைக்க முடியாது. மூன்றாண்டுகள் இருக்கும். என் பெயர், தேதி, நேரம், அதற்குப் பக்கத்தில் நான் அடித்த 34 எழுத்துகள்.

அலுவலரிடம் சொன்னேன். விதிவிலக்கு இல்லை என்றார், அதுவும் சரிதான். அது அழியும் நாளுக்கு என் நாட்காட்டியில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன், இன்னும் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. 'பார்க்கவும்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.